கயிற்றோரத்தில் நிற்க ஓர் அனுமதி

“களத்தில் ஓர் அணியை வழிநடத்துபவர், அந்த விளையாட்டுக்கென வழங்கப்பட்ட பயிற்றுவிப்பாளர் சான்றிதழை உடையவராக இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லாதவர் எல்லைக் கோட்டுக்கு வெளியே இருத்தல் வேண்டும்.”

சுற்றறிக்கையின் இந்தப் பந்தி எனக்கு மனப்பாடம். நல்ல பந்தி. இரண்டே வசனம், இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. என் சேவைக் காலத்தில் இப்படிச் சுத்தமான பந்திகள் அதிகம் என் மேசைக்கு வந்ததில்லை. குறை ஒன்றுதான். கயிறிழுத்தல் போட்டிக்கு அந்தச் சான்றிதழை யார் வழங்குவது என்று அதில் சொல்லப்படவில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. யாரும் வழங்குவதில்லை.

சென்ற வாரம் பிரதேச செயலகத்தின் கூரை ஒழுகிய கதையை எழுதியிருந்தேன். இன்னும் ஒழுகுகிறது என்று சில வாசகர்கள் தகவல் தந்திருக்கிறார்கள். நன்றி. இந்த வாரம் கூரை இல்லாத ஓர் இடத்துக்குப் போவோம்.

ஆறு சான்றிதழ்கள்

புத்தளத்தில் ஒரு மைதானம். மாவட்ட விளையாட்டு விழாவின் கடைசி நாள், பின்னேரம். களப்புப் பக்கமிருந்து வந்த காற்றில் உப்பும் புழுதியும் சம அளவில் கலந்திருந்தன. மைதானத்தின் நடுவில் கனத்த கயிறு கிடந்தது. ஒரு பக்கம் உடப்பு அணியின் எட்டுப் பேர். மறுபக்கம் சிலாபத்துக்குத் தெற்கே ஒரு கரையூரிலிருந்து வந்த எட்டுப் பேர். இறுதிப் போட்டி.

கயிற்றின் ஓரத்தில், கறுப்புப் பர்தாவுக்குக் கீழே வெள்ளைக் கான்வஸ் சப்பாத்துத் தெரிய, கழுத்தில் விசிலோடு நின்றவர் பாயிஸா டீச்சர். உயரம் உடப்பு அணியில் எவருடைய தோளையும் எட்டாது. அந்த எட்டு மீனவர்களும் அவர் பார்வைக்குப் பயந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்திருந்தார்கள்.

தலைமை நடுவர் வந்தார். சிலாபம் பக்கத்து மனிதர். சிங்களமும் தமிழும் ஒரே வேகத்தில் கதைப்பார். நேர்மையானவர், அதுதான் பிரச்சினை.

“டீச்சர், கோச் சேர்ட்டிபிக்கட்?”

பாயிஸா டீச்சர் பிளாஸ்டிக் உறையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். வலைப்பந்து. கரப்பந்து. எல்லே. ஈட்டி எறிதல். பூப்பந்து. சதுரங்கம்.

நடுவர் ஆறையும் நின்று நிதானமாக வாசித்தார். சதுரங்கச் சான்றிதழை இரண்டு தடவை வாசித்தார்.

“எல்லாம் நல்லா இருக்கு. ஆனா இதில கயிறு இல்லையே டீச்சர்.”

“கயிறுக்கு யாரு சேர் குடுக்கிறாங்க?”

“அது எனக்குத் தெரியாது. எனக்கு வேணும் எண்டுதான் தெரியும்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் உடப்புக் கழகத்தின் ஆலோசகர். அதாவது, ஏ.ஓ. என்னும் நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்ற பிறகும் கடிதம் எழுதிக் கொடுப்பவன். விழாவுக்கு வெகு முன்னதாகவே விசேட அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. பதில் வராத கடிதத்தின் பிரதியை நடுவரிடம் காட்டினேன். அவர் அதையும் மரியாதையோடு வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“ஏ.ஓ. சேர், நீங்க கேட்டிருக்கிறீங்க. அவங்க தரல்லையே. டீச்சர் கோட்டுக்கு வெளியில போகணும்.”

கயிறிழுத்தல் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். எட்டுப் பேரும் ஒரே நொடியில் இழுத்தால்தான் அது இழுவை. ஆளுக்கொரு நொடியில் இழுத்தால் அது தள்ளாட்டம். அந்த ஒரே நொடியைக் குரலால் தருபவர்தான் பயிற்றுவிப்பாளர். உடப்பு அணிக்கோ அந்தக் குரல் இன்னொரு காரணத்துக்காகவும் தேவைப்பட்டது. குரல் நின்றால் அவர்கள் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நடப்பது என்றால் நிஜமாகவே நடப்பது. அதை விளக்க முந்தைய வருடத்துக்குப் போக வேண்டும்.

வந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்

முந்தைய வருடம் நான் இன்னும் சேவையில் இருந்தேன். விளையாட்டு உத்தியோகத்தர் பதவி வெற்றிடமாக இருந்தபடியால் அந்தக் கோப்பும் என் மேசையில் கிடந்தது. உடப்பு இளைஞர்கள் கயிறிழுத்தலுக்குப் பெயர் கொடுத்தார்கள். வருடம் பாதி கரைவலை இழுப்பவர்கள்; கைகளே கயிறு போலத் தடித்தவை. வெற்றி நிச்சயம் என்று நினைத்து, நானே நேரில் போய்ப் பார்த்தேன்.

விசில் ஊதியது. எங்கள் ஆட்கள் இழுத்தார்கள். கயிறு வெண்ணெய் போல வந்தது. எதிரணி சறுக்கிக்கொண்டே கோட்டை நோக்கி வந்தது.

அப்போது கடைசி ஆளான முருகேசு, உருவத்திலும் பலத்திலும் அணியின் பாதி, கயிற்றை விட்டான். வேர்வையைத் துடைத்தான். அணியின் பக்கவாட்டில் ஆறுதலாக நடந்து போய், வரிசையின் முன்னால் நின்று, கயிற்றை மறுபடி பிடித்தான்.

அவனுக்கு அடுத்தவனும் அதையே செய்தான்.

மூன்றாவது ஆள் முன்னால் வந்தபோது அங்கே இடம் இல்லை. எதிரணியின் முதல் ஆளுக்கு அருகில் நின்று, “கொஞ்சம் தள்ளுங்க அண்ணே” என்று கேட்டான். எதிரணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர்களும் கயிற்றை விட இருந்தார்கள். நடுவர் விசிலை ஊதுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். எங்கள் அணி வெளியேற்றப்பட்டது.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிரல்ல. கயிற்றைப் பிடித்தவர்கள் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டே கரைமேட்டுக்கு நகர்வார்கள். மேட்டை அடைந்தவன் கயிற்றை விட்டுவிட்டு, தண்ணீர் விளிம்புக்குப் போய் முன்னால் பிடிப்பான். இப்படி வரிசை சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் முறை. அதுதான் மானமும்.

முருகேசுவைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

“ஏன்டாப்பா விட்ட?”

“கயிறு வந்திட்டே சேர்.”

“வந்தா?”

“வந்த கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவன் வேலைக்கு ஒளிக்கிறவன் சேர். ஊர்ச் சனம் முழுக்கப் பாத்துக்கிட்டு இருந்திச்சு.”

இதற்கு எதிராகச் சுற்றறிக்கை எதுவும் என்னிடம் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரேயொரு விளையாட்டுக்காரரிடம் போனேன்.

வெங்காயத்தில் இருந்து தப்பிய வீராங்கனை

பாயிஸா டீச்சரின் குடும்பம் தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து வந்தது. அவர் அப்போது கைக்குழந்தை. மன்னாரைப் பற்றிக் கேட்டால், “எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல சேர். உம்மாட்டக் கேளுங்க, விடிய விடியச் சொல்லுவா” என்பார். அவருக்கு ஞாபகமிருப்பது குறிஞ்சிப்பிட்டித் தோட்டங்களின் சின்ன வெங்காயம். பாடசாலை விட்டதும் உம்மாவோடு உட்கார்ந்து கூலிக்குத் தாள் அரிந்திருக்கிறார். அந்த வாடை கொப்பியில் ஏறி, தலைமுடியில் ஏறி, பரீட்சை மண்டபம் வரை கூட வந்ததாம்.

பிறகு கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதிக்குப் போன முதல் நாளே சமையல் முறைப் பட்டியலில் பெயர் போட்டார்கள். வேலை: வெங்காயம் உரித்தல்.

“அல்லாஹ்வே, இதுக்கா நான் படிச்சு வந்தன் எண்டு நினைச்சன் சேர்.”

விசாரித்ததில் ஒரு விதிவிலக்குத் தெரிய வந்தது. விளையாட்டுப் பயிற்சி இருக்கும் நாளில் சமையல் முறை கிடையாது. வலைப்பந்துப் பயிற்சி திங்கட்கிழமை. உடனே சேர்ந்தார். செவ்வாய்க்குக் கரப்பந்து. புதனுக்கு எல்லே. வியாழனுக்கு ஈட்டி. வெள்ளி ஜும்ஆ என்பதால் பகலில் பயிற்சி இல்லை, ஆனால் பின்னேரம் பூப்பந்து இருந்தது. சனிக்கிழமைக்கு ஒன்றும் அகப்படவில்லை. கல்லூரியில் சதுரங்கக் குழு ஒன்றை அவரே தொடங்கினார்.

சட்டத்தின் ஒரு விதிவிலக்கை இவ்வளவு முழுமையாகப் பயன்படுத்திய இன்னொருவரை நான் கண்டதில்லை. முதலாம் வருட முடிவில் கல்லூரி அணிகள் அநேகமாக எல்லாவற்றிலும் அவர் இருந்தார். விரும்பித் தொடங்காத விளையாட்டுகள் விரும்பியவையாகிவிட்டன. “வெங்காயத்துக்குப் பயந்து ஓடினன் சேர். ஓடி முடிச்சுத் திரும்பிப் பாத்தா மத்தப் பிள்ளையள் எல்லாரும் பின்னால.”

இன்று அவர் படிப்பிக்கும் பாடசாலையின் அலுவலக அலுமாரியில் கோப்புகளுக்கு இடமில்லை. வலைப்பந்து, கரப்பந்து, எல்லே என்று அவர் பழக்கிய பிள்ளைகள் கொண்டுவந்த கிண்ணங்கள். தூசு தட்டுபவர் அதிபரிடம் முறைப்பாடு செய்ததாகக் கேள்வி. உடப்புக் கழகத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே இருக்கும் கயிறிழுத்தல் கிண்ணம் மட்டும் வேறு கணக்கு. அதற்குத்தான் இத்தனை கதையும்.

நான் கேட்டபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பயிற்சி என்ன நாள் சேர்?”

“சனிக்கிழமை.”

“வீட்டில சனிக்கிழமைதான் மாமி வாற நாள். சமையல் என்ட தலையில. வாறன் சேர்.”

கரப்பந்தில் கரை இல்லை

விதி ஒன்று சாதகமாக இருந்தது. வரிசையின் கடைசி ஆள் கயிற்றைத் தோளுக்கு மேலாக உடலில் சுற்றிக்கொள்ளலாம். டீச்சர் முருகேசுவின் உடலில் கயிற்றைச் சுற்றி நிறுத்தினார். அவன் அசையவில்லை. ஏழாவது ஆள் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் நடந்தான்.

“டேய், எங்க போறாய்?”

“முருகேசு அண்ணனைத்தானே டீச்சர் கட்டினீங்க.”

எவரும் விடக்கூடாது என்று விளக்கினார். எல்லோரும் ஓம் டீச்சர் என்றார்கள். தலை ஓம் என்றது, கால் கேட்கவில்லை. கயிறு தங்கள் பக்கம் வரத் தொடங்கியதும் யாராவது ஒருவன் நகர்ந்தான். கரப்பந்தை உதாரணம் காட்டினார்: அதிலும் ஆட்கள் இடம் மாறுவார்கள்தான், ஆனால் விசிலுக்குப் பிறகுதான். முருகேசு ஆழமாக யோசித்தான்.

“அதில பந்து கரைக்கு வாறேல்லையே டீச்சர்.”

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் அவர் மைதானத்துக்கு வராமல் கடற்கரைக்குப் போனார். நானும் போயிருந்தேன். வலை கடலில் கிடந்தது, கயிறு இழுபட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வரிசையில் புகுந்தார். ஆண்கள் கூச்சத்தில் நெளிந்தார்கள்.

“என்னப்பா, இடம் தாங்களேன். மைதானத்தில நீங்க என்ட பேச்சைக் கேக்கிறீங்களில்ல. இஞ்ச நான் உங்கட பேச்சைக் கேக்கிறன்.”

இழுத்தார். சுற்றி முன்னால் வந்தார். மறுபடி இழுத்தார். ஈரக் கயிறு கையை அரம் போல அரித்தது. உள்ளங்கை சிவந்து கொப்பளித்தது. நான் சற்றுத் தள்ளிக் குடையோடு நின்றேன். வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“ஏ.ஓ. சேர், பாத்துக்கிட்டா நிக்கிறீங்க? ஒரு கை குடுங்களேன்!”

அரச உத்தியோகத்தர் அனுமதியின்றி வேறு தொழிலில் ஈடுபடலாகாது என்று விளக்கினேன். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் வலையின் மடி, மீன் சேர்ந்து கிடக்கும் பை, கரைக்கு அண்மித்தது. தண்ணீர் கொதிப்பது போலிருந்தது. வலையை நடத்தும் மண்டாடி கையை உயர்த்திக் கத்தினார்: “மடி வருது!”

அந்த நொடியில் எல்லாம் மாறிவிட்டது. யாரும் முன்னால் போகவில்லை. யாரும் வேர்வை துடைக்கவில்லை. குதிகாலை மணலில் புதைத்து, பின்னால் சாய்ந்து, நின்ற நின்ற இடத்திலிருந்தே இழுத்தார்கள். மடி வரும்போது ஒருவன் கையை விட்டால் மீன் போய்விடும். அப்படி விட்டவன் ஊரில் பெண் எடுக்க முடியாது.

டீச்சர் கயிற்றைப் பிடித்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். “சேர்! கண்டிட்டன்!”

அன்றிலிருந்து பயிற்சியில் விசிலுக்கு அடுத்த நொடியே ‘மடி வருது’தான். முதல் இழுவையிலிருந்து கடைசி இழுவை வரை மடி வந்துகொண்டே இருந்தது. எட்டுப் பேரும் ஆணி அடித்தாற்போல நின்றார்கள். மாவட்டச் சுற்றுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வென்றார்கள். அந்தச் சுற்றுகளில் எவரும் சான்றிதழ் கேட்கவில்லை.

அன்று கரையில் இன்னொன்றும் நடந்தது. மடி வருது என்ற சத்தம் கேட்டதும் கரையில் நின்றவன், சைக்கிளில் போனவன், தேத்தண்ணிக் கடையில் இருந்தவன் எல்லோரும் ஓடிவந்து கயிற்றில் கை வைத்தார்கள். கை வைத்தவனுக்குக் கறிக்கு மீன் உண்டு. அதையும் நாங்கள் இருவரும் பார்த்தோம். அதைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

இரு மொழிக் கொள்கை

மறுபடி இறுதிப் போட்டி. டீச்சர் கோட்டுக்கு வெளியே போய், சனத்தோடு சனமாக நின்றார். அங்கிருந்து கத்தினால் கேட்காது. ஒலிபெருக்கி பக்கத்தில் முழங்கிக்கொண்டிருந்தது. முருகேசு கண்ணால் அவரைத் தேடினான்.

அந்த ஒலிபெருக்கிதான் எனக்கு வழி காட்டியது. காலையிலிருந்து அறிவித்தல்கள் எல்லாம் சிங்களத்தில் மட்டும். ஒழுங்கமைப்புக் கூடாரத்துக்குப் போனேன். புதிதாக நியமனம் பெற்ற இளம் உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார்.

“தம்பி, அரச விழாவில அறிவித்தல் இரண்டு மொழியிலும் இருக்கணும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும் சேர். ஆனா தமிழ் அறிவிப்பாளர் வரல்ல சேர்.”

“எழுத்தில முறைப்பாடு வந்தா யார் பதில் சொல்றது?”

அவர் முகம் மாறியது. முறைப்பாடு எழுதக்கூடிய ஆள் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

“இப்ப என்ன சேர் செய்றது?”

“ஒருவர் இருக்கிறார். சம்பளம் கேக்க மாட்டார்.”

பாயிஸா டீச்சர் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்தார். பயிற்றுவிப்பாளர் எங்கே நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. அறிவிப்பாளர் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அவருடைய முதலாவது அறிவித்தல், மைதானத்துக்குள் நுழைந்திருக்கும் கழுதைகளை உரியவர்கள் அப்புறப்படுத்த வேண்டும் என்பது. கழுதைகளுக்கு உரியவர் எவரும் முன்வரவில்லை. புத்தளத்தில் எந்தக் காலத்திலும் முன்வந்ததில்லை.

முதலாம் இழுவை. விசில். மைதானத்தின் நான்கு மூலையிலிருந்தும் டீச்சரின் குரல் வந்தது: “மடி வருது! மடி வருது!”

எட்டுப் பேரும் நிலத்தில் முளைத்தார்கள். எதிரணியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வெற்றி.

நடுவர் கூடாரத்துக்கு வந்தார். “ஏ.ஓ. சேர், டீச்சர் அறிவிக்கிறாங்களா, பழக்குறாங்களா?”

“நடப்பதை அறிவிக்கிறார்.”

“என்ன நடக்குது?”

“மடி வருகிறது.”

அவர் என்னைப் பார்த்தார். “சேர், எங்கட தாத்தாவும் வலை இழுத்தவர்தான்” என்றார். அவர் தாத்தா என்றது சிங்கள வழக்கப்படி தகப்பனாரை. ஒலிவாங்கியைப் பறிக்கும் விதி எதுவும் அவருக்கும் ஞாபகம் வரவில்லை. திரும்பிப் போனார்.

இரண்டாம் இழுவையில் தோற்றோம். காரணம் என் கொள்கைதான். இரண்டு மொழி என்றால் ஒலிவாங்கியை மற்றவருக்கும் கொடுக்க வேண்டுமல்லவா? இழுவை உச்சத்தில் இருக்கும்போது சிங்கள அறிவிப்பாளர் அதை வாங்கி, வாசலை மறித்து நிற்கும் ஒரு வானின் இலக்கத்தை ஆறுதலாக வாசித்தார். குரல் நின்றது. ஏழாவது ஆள் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் நடந்தான்.

மூன்றாம் இழுவை. வென்றவர்களுக்குக் கிண்ணம். டீச்சர் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இம்முறை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. இளம் உத்தியோகத்தர் அவருக்கு உதவுவதாக நினைத்துச் சத்தத்தை முழுவதும் கூட்டி வைத்தார்.

“மடி வருது! மடி வருது! விடாதீங்க, மடி வருது!”

உடப்பிலிருந்து பஸ்களில் வந்திருந்த சனம் அதுவரை கைதட்டிக்கொண்டிருந்தது. இப்போது அது எழுந்தது. கடலோரத்தில் பிறந்தவன் எவனும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான். முதலில் ஒரு இளந்தாரி கயிற்று வேலியைத் தாண்டினான். பிறகு பத்துப் பேர். பிறகு எல்லோரும். சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடிவந்து கயிற்றில் கை வைத்தார்கள். ஒரு பெண் ஷொப்பிங் பையை விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

எதிரணியின் ஆதரவாளர்களும் கரையூர்க்காரர்கள்தானே. அவர்களிலும் கொஞ்சப் பேர் ஓடிவந்தார்கள். வந்து, எந்தப் பக்கம் கயிறு வருகிறதோ அந்தப் பக்கம் பிடித்தார்கள். அதாவது எங்கள் பக்கம். எதிரணியின் எட்டுப் பேரும் மைதானத்தின் குறுக்கே இழுபட்டு, வேலியைத் தாண்டி, பாதை வரை போனார்கள். கழுதைகள் ஒருவரும் கேட்காமலே மைதானத்தை விட்டு வெளியேறின.

“விடுங்க! போதும், விடுங்க!” என்று டீச்சர் கத்தினார். மடி வரும்போது யார் விடுவார்கள்?

இல்லை

சனத்தை வெளியேற்றி முடிக்க அசர் தொழுகை நேரம் கடந்துவிட்டது. நடுவர் மேசையில் உட்கார்ந்து எழுதினார். முதலாம் இழுவை உடப்பு. இரண்டாம் இழுவை எதிரணி. மூன்றாம் இழுவை செல்லாது. மேலிடம் தீர்மானிக்கும் தினத்தில் மீண்டும் நடத்தப்படும். அதற்குக் கீழே பயிற்றுவிப்பாளரின் பெயருக்கு ஓர் இடம். அதில் அவர் ‘இல்லை’ என்று எழுதினார். விதிப்படி சரி.

டீச்சர் அதைப் பார்த்தார். காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தவர், ஆறு சான்றிதழையும் உறைக்குள் போட்டு மூடினார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே கும்மாளம். சனம் எதிரணியைப் பாதை வரை இழுத்த கதையை மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தது. டீச்சர் யன்னலோரம் இருந்தார்.

“தோத்திருந்தாலும் பரவாயில்ல சேர்” என்றார். “இல்லை எண்டு எழுதினதுதான்.”

“அது படிவத்துக்கான பதில் டீச்சர்.”

“எனக்குத் தெரியும். ஊரை விட்டு வந்து எங்களுக்கு வாக்காளர் இடாப்பில பேர் எடுக்க வாப்பா எத்தின தரம் அலைஞ்சவர் தெரியுமா? போற இடமெல்லாம் இந்த வார்த்தைதான். இல்லை. நான் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில நிக்கணும் சேர். வேற ஒண்டும் வேணாம்.”

முன் இருக்கையிலிருந்து முருகேசு திரும்பினான். “டீச்சர் கோட்டுக்குள்ள வராம நாங்க அந்தக் கயித்தத் தொட மாட்டம் சேர். மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க.”

எழுதினேன். விசேட அனுமதி கேட்டு முன்பு அனுப்பிய கடிதத்துக்கு ஒரு நினைவூட்டல். நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். சான்றிதழை வழங்கும் நிறுவனம் எது என்று வினவி ஒரு தனிக் கடிதம். நடுவர் நல்ல மனிதர். தன் அறிக்கையில் டீச்சரைக் களத்தில் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தார். அதன் பிரதியையும் இணைத்தேன். அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பதில் எழுத நேரமில்லாதவர்கள் மறுப்பு எழுத நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

தொலைபேசியிலும் முயன்றேன்.

“கோப்பு மேசையில இருக்கு சேர்.”

“யாருடைய மேசையில்?”

“அந்த மேசைக்காரர் மாறிப் போயிட்டார் சேர்.”

“மேசை?”

“மேசை இருக்கு சேர்.”

என் மனைவி இந்த உரையாடலைக் கேட்டுவிட்டு, “இஞ்ச பாருங்க, பென்சன் எடுத்தது நீங்களா அவங்களா?” என்று கேட்டார்.

கச்சான் காற்று அடித்தது. கடல் முரடாகி வலைகள் கரையேறின. டீச்சரின் பிள்ளைகள் வலைப்பந்தில் மாகாணம் வரை போனார்கள். அலுமாரியில் மேலும் ஒன்று. அந்தப் படிவங்களில் எல்லாம் அவருடைய பெயர் முழுமையாக, பட்டத்தோடு இருந்தது. சனிக்கிழமைகளில் உடப்புக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. நடக்காத போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டே இருந்தது.

கிடைத்த திகதி

பதில் ஒரு சனிக்கிழமை காலை வந்தது. பதிவுத் தபால். தமிழில். அதையே நான் ஒரு பாதி வெற்றியாகக் கணக்கெடுத்தேன். நின்றபடியே வாசித்துவிட்டு உடப்புக்கு பஸ் ஏறினேன்.

கச்சான் ஓய்ந்து வலை இறக்கியிருந்தார்கள். கடற்கரையில் வரிசை இழுத்துக்கொண்டிருந்தது. நடுவில், முருகேசுவுக்கு முன்னால், சப்பாத்தில்லாமல் டீச்சர்.

“டீச்சர்! பதில் வந்திட்டு!”

“இப்ப ஏலா சேர்! மடி வருது!”

“நான் வாசிக்கட்டுமா?”

“வாசிங்க!”

“உமது கடிதத்தின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது...”

“சேர்! கடைசிப் பந்திய வாசிங்க!”

என் சேவைக் காலம் முழுவதும் நான் கடிதங்களை முதலாம் பந்தியிலிருந்தே வாசித்தவன். அன்று கடைசிப் பந்திக்குப் போனேன். செல்லாது என அறிவிக்கப்பட்ட மூன்றாம் இழுவை மீண்டும் நடத்தப்படும். கயிறிழுத்தலுக்கான சான்றிதழ் தற்போது எந்த நிறுவனத்தாலும் வழங்கப்படாமையால், மேற்படி இழுவைக்கு மாத்திரம், திருமதி பாயிஸா அவர்கள் பயிற்றுவிப்பாளராகக் கயிற்றோரத்தில் நிற்க அனுமதிக்கப்படுகிறது.

வரிசையில் ஒருவரும் கயிற்றை விடவில்லை. டீச்சர் கடலைப் பார்த்துக்கொண்டே பின்னால் சாய்ந்து இழுத்தார். முகத்தில் வழிந்தது கடல் தண்ணீரா என்று நான் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய தூரத்திலும் இல்லை.

முருகேசுதான் கேட்டான். “அப்ப சேர், டீச்சர் இருக்காங்க எண்டு எழுதியிருக்கா?”

“ஓம். இருக்காங்க.”

“அப்ப நீங்க ஏன் சேர் இன்னும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பிடிங்க!”

அரச உத்தியோகத்தருக்கான கட்டுப்பாடு ஓய்வூதியர்களுக்குப் பொருந்தாது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, காற்சட்டையை மடித்து, முருகேசுவுக்குப் பின்னால் கயிற்றில் கை வைத்தேன். ஈரமும் உப்பும் சணல் நாரும். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை எரிந்தது. மடி கரையேறியபோது ஓர் அலை என் நெஞ்சு வரை வந்து, கடிதத்தை நனைத்துவிட்டுப் போனது. என் பங்குக்குக் கறிக்கு மீன் கிடைத்தது.

கிடைக்கும் எந்தக் கடிதத்திலும், கிடைத்த திகதியை வலது மூலையில் பதிய வேண்டும். இது நான் ஒரு தடவையும் தவறவிடாத விதி. முத்திரை என்னிடம் இல்லை. அன்று என்ன திகதி என்று கேட்டேன். கரையில் எவருக்கும் தெரியவில்லை. தெரிந்ததை எழுதினேன்.

‘கிடைத்தது: கச்சான் ஓய்ந்த பின் முதல் மடி வந்த சனிக்கிழமை.’